பெயரில்லாத டப்பா

ஹட்டன் பஸாரில் ஒரு ஃபேன்சி கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அங்கே அதிகம் விற்றது முகம் வெளுக்கப் பூசும் கிரீம்தான். சின்ன வட்ட டப்பா. யார் செய்தது, என்ன சேர்த்தது என்று அதில் ஒரு எழுத்தும் இருக்காது. நானும் பூசினேன். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்றானதால், கேட்டவர்களுக்கு என் முகத்தையே காட்டி விற்றேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அப்படித்தான் கொடுத்தேன். கொழுந்து பறித்து வெயிலில் கறுத்துவிட்டோம் என்று அவருக்கு ஒரு குறை.

ஒரு நாள் காலை, நுகர்வோர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். அந்த டப்பாக்களை எல்லாம் பெட்டியில் போட்டு சீல் வைத்தார்கள். வந்தவர்களில் ஒரு சிங்கள அம்மா என் கன்னத்தை உற்றுப் பார்த்து, நீயும் பூசுகிறாயா என்று கேட்டார். வேறு ஊர்க் கடைகளில் எடுத்த இதே டப்பாக்களில் பாதரசம் இருந்ததாகச் சொன்னார். அது தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாதாம். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. அக்காவுக்கு அப்போது ஐந்து மாதம்.

வீட்டுக்குத் திரும்பும் நோர்வூட் பஸ்ஸில் வரும்போது, டப்பா முடிந்தால் அக்கா தானாக விட்டுவிடுவார், எதற்குச் சொல்ல வேண்டும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. இறங்கியதும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, நான் குடுத்த கிரீம்ல பாதரசம் இருக்காம். இனிமே பூசாதீங்க. தெரியாம குடுத்துட்டேன்."

அவர் கை வயிற்றுக்குப் போனது. பிறகு உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"நாளைக்கு கிளினிக் இருக்கு. நீயும் வா. நீயே டாக்டர்கிட்ட சொல்லு."

லீவு கேட்டுக்கொண்டு போனேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. இருவருக்கும் சிறுநீர் பரிசோதனைக்கு எழுதினார். முடிவில், அக்காவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. எனக்குத்தான் அளவு கூடியிருந்தது. பூசுவதை நிறுத்தினால் குறையும் என்றார்கள், குறைந்தது. முகம் திட்டுத் திட்டாகக் கறுத்து, சில மாதங்களில் பழைய நிறத்துக்கு வந்தது.

அடுத்த கிளினிக் நாளில், இதை மற்ற தாய்மாருக்கும் சொல்லும்படி கர்ப்பிணிகளைக் கவனிக்கும் மருத்துவமாது என்னைக் கேட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அடுத்த முறை பலர் டப்பாக்களோடு வந்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் அவற்றைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு போனார். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடையோடு.

இப்போது எங்கள் கடையில் விவரம் அச்சடிக்காத சாமான் எதையும் வாங்குவதில்லை. போன மாதம் ஒரு கலியாணப் பெண் வந்து அந்தக் கிரீமைக் கேட்டாள். நான் வாயெடுக்கும் முன்னே முதலாளி, "அது இல்லம்மா. ஏன்னு இந்தப் புள்ள சொல்லும், நின்னு கேட்டுட்டுப் போங்க" என்றார். அவள் நின்றாள். பின்னால் நின்ற இரண்டு பேரும் நான் சொன்னதைக் கேட்டார்கள்.