கொலைகாரன் கடைசிக் கஷணத்தில்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: மட்டாஞ்சேரியில் துப்பறியும் நாவலைக் கொன்றவன் நான்தான். மாத நாவல்கள் ஏன் எழுந்தன, ஏன் விழுந்தன என்பதற்கு விவரம் தெரிந்தவர்கள் காகித விலை, தொலைக்காட்சி, வாசகர் ரசனை என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். எங்கள் தெருவைப் பொறுத்தவரை காரணம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு அப்போது பதினொரு வயது, முன்பல் பாதி உடைந்திருந்தது, ஒரு பழம்பொரி, அதாவது எண்ணெய் சொட்டும் நேந்திரம்பழ பஜ்ஜி, கொடுத்தால் எந்த ரகசியத்தையும் விற்றுவிடும்.

இன்றைக்கும் கொலைக் கதை எதையாவது பிரித்தால் மூன்றாம் பக்கத்துக்குள் எனக்குத் தும்மல் வந்துவிடுகிறது. காரணம் சுக்கு. அம்மாவும் தெருவிலிருந்த இன்னும் எட்டுப் பெண்களும் கடைத்தெருவின் 'பாண்டிகசாலை' ஒன்றில், அதாவது பெரிய சரக்குக் கிடங்கில், வட்டமாக உட்கார்ந்து சுக்கைத் தரம்பிரிப்பார்கள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கை கழுவியும் கழுவாமலும் மடியிலிருந்து நாவலை எடுப்பார்கள். எனவே எங்கள் ஊருக்கு வந்த ஒவ்வொரு பிணத்தின்மேலும் மெல்லிய சுக்குப்பொடி படிந்திருந்தது.

நாவல்கள் வந்தது, எங்கள் தெருவிலேயே இருந்த, ஆனால் கிடங்கு வேலைக்குப் போகாத மரகதம் அக்காவால். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். பத்தாவது வரை தமிழில் படித்தவர். இங்கே பஸ் பலகை, பத்திரிகை, ரேஷன் கடைச் சீட்டு எல்லாமே மலையாளம். "அஞ்சு வருஷம் கைநாட்டு மாதிரி இந்த ஊர்ல நடந்தேன்" என்பார். பிறகு, படகேறிப் போகிற அக்கரைக் கடைவீதியான பிராட்வேயில், கோயம்புத்தூரிலிருந்து சரக்கு இறக்கும் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, மாதம் மூன்று தமிழ் நாவல் கொண்டுவரச் செய்தார். மூன்றுக்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது என்று அவர் கறாராகச் சொல்லியிருந்ததால், ஒன்பது பெண்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத்தான் அந்தக் கட்டு வந்தது. அக்காவுக்கு ஊரிலிருந்து கடிதம் எழுதக்கூட யாரும் இல்லை. அந்த மூன்று புத்தகமும் நின்றுபோனால் அவர் கண்ணில் தமிழ் எழுத்தே படாது.

ஒன்பது பேர், மூன்று புத்தகம். இதற்கு அக்கா கண்ட வழி அரிவாள்மனை. புத்தகத்தின் முதுகை அதில் வைத்து நான்காகப் பிளந்து, ஒவ்வொன்றையும் கோணூசியால் சாக்கு நூல் கோத்துத் தைத்து, மலையாளப் பத்திரிகையில் அட்டை போட்டு, மேலே ஒன்று, இரண்டு என்று எண் எழுதிவிடுவார். ஒவ்வொரு துண்டுக்கும் எங்கள் தெருவில் பெயர் 'கஷணம்'. மீன்கடையில் கேட்கிற அதே சொல். ஒருத்தி முதல் கஷணத்தை முடித்து அடுத்தவளிடம் தள்ளிவிட்டு இரண்டாவதற்குக் கை நீட்டுவாள். "ஏண்டி, மூணாவதை வச்சுக்கிட்டு அடைகாக்கிறியா" என்ற குரல் கிடங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். இன்றைக்கு யோசித்தால், அவர்கள் படித்ததைவிடக் காத்திருந்ததுதான் அதிகம், அதில்தான் ருசியும் இருந்தது என்று தோன்றுகிறது.

அட்டை ஒட்டும் வேலை எனக்கு. முதல் கஷணம் ஊர் சுற்றும்போது நான்காவது அக்கா வீட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் சும்மா கிடக்கும். நான் படித்தது மலையாளப் பள்ளியில். தமிழ் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டது அந்த டின்னுக்குப் பின்னால்தான். விளைவு, எனக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் கடைசிக் கஷணத் தமிழாகிவிட்டது. கண்ணாடி டம்ளரை உடைத்தது யார் என்று அம்மா கேட்டால், "ஆம், நானேதான் செய்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு" என்று தலைகுனிந்து நிற்பேன். அதற்கும் சேர்த்து அடி விழும்.

கிடங்கில் ஜானகி சேச்சி என்று ஒருவர் இருந்தார். மலையாளி; தமிழ் வாசிக்கத் தெரியாது; அம்மா சுக்கை உடைத்துக்கொண்டே வாசிப்பதைக் காதால் கேட்பவர். காத்திருக்கும் பொறுமை அவருக்குத் துளியும் கிடையாது. ஒருநாள் தம்பியின் சாயாக்கடைப் பழம்பொரியை என் மூக்குக்கு முன்னால் ஆட்டி, "எடா மோனே, கொன்னது ஆராடா?" என்றார். சொல்லிவிட்டேன். மாட்டு டாக்டர். சாயா நேரத்துக்குள் கிடங்கு முழுக்க மாட்டு டாக்டர் பிடிபட்டுவிட்டார். மறுநாள் இரண்டாம் கஷணத்தை யாரும் கேட்கவில்லை. "ஆள் தெரிஞ்சுபோச்சு, இனி என்னத்தப் படிக்க?" என்றாள் என் தாயே.

மூன்று மாதத்தில் மூன்று மூன்று ஒன்பது கொலைகாரர்களைக் காட்டிக்கொடுத்து நான் சற்றே பருத்திருந்தேன். கிடங்குப் பேச்சு காதுக்கு எட்டாத அக்காவோ குற்றம் சரக்கில்தான் என்று நினைத்துப் பிராட்வேக்குப் போனார். கூடப் போன என் காதில் கடைக்காரர் சொன்னது இன்னும் ஒலிக்கிறது: "அங்க இப்பப் பேய்தான் ஓடுதும்மா. கொலை படுத்துடுச்சு." இதையே நான் திரும்பும் படகில் உரக்கச் சொல்லி வந்ததில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

பேய் நன்றாகவே ஓடியது. முதல் மாதம் பைப்படிக்குத் தண்ணீர் பிடிக்க இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். எனக்கும் பயம்தான், ஆனால் நான்காம் கஷணத்தைத் திறந்தால் ஒவ்வொரு பேயும் எஸ்டேட் மேனேஜராகவே இருந்தது. வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வாரிசுகளைத் துரத்துவதைத் தவிர அந்த மேனேஜர்களுக்கு வேறு வேலையில்லை. இதற்குக் கிடைத்த பழம்பொரிகள் ஆறு. இரண்டே மாதத்தில் பேயும் படுத்தது.

அடுத்து வந்தது குடும்ப நாவல், அங்கேதான் நான் தோற்றேன். "கடைசில மருமகள் அழறாம்மா" என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன். "முதல்லயும்தான் அழறா. போடா" என்றாள். விற்பதற்கு என்னிடம் ரகசியமே இல்லை. ஆனால் அதில் வேறொரு சிக்கல்: எந்தக் கஷணத்திலிருந்து தொடங்கினாலும் மாமியார் மாமியாராகவே இருந்ததால், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கிடைத்தால் படிப்பது, கிடைக்காவிட்டால் விட்டுவிடுவது என்றானது. ஒன்பது பேர் ஆறானார்கள், ஆறு ஐந்தானார்கள். இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன், அப்புறம் கட்டு வராது என்று பிராட்வேக்காரர் சொல்லியனுப்பினார்.

அன்று சாயங்காலம் அக்கா பழைய கஷணங்களையெல்லாம் தரையில் பரப்பி வைத்திருந்தார். தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்வதற்காகத்தான் எடுத்தாராம். பார்த்தவர் கண்ணில் ஒன்று பட்டது. என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாத்திலயும் சுக்குப்பொடி இருக்கு. நாலாவதுல மட்டும் எண்ணெயும் இருக்கு. பழம்பொரி எண்ணெய். அதுவும் சின்ன விரல். நீ என்ன சொல்றே?"

எனக்குத் தெரிந்த ஒரே தமிழில் சொன்னேன். "ஆம், நானேதான் செய்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு."

அடிப்பார் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. அந்த எண்ணெய்க் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். அழப்போகிறாரோ என்றுகூடத் தோன்றியது. பிறகு, "கடைசிக் கட்டுக்குக் கொலையே கேக்கறேன். வந்ததும் நீ போய்ச் சொல்லு" என்றார்.

"சொல்லவா?"

"சொல்லு. ஆனா தப்பாச் சொல்லு. ஆளுக்கு ஒரு பேரைச் சொல்லு."

என் வாழ்நாளில் ஒரு வேலையை அத்தனை ஒழுங்காக நான் செய்ததில்லை. அம்மாவுக்கு வக்கீல், ஜானகி சேச்சிக்கு டிரைவர், மூக்குத்திக்கார அத்தைக்கு செத்தவனின் சொந்தத் தங்கை என்று பிரித்துக் கொடுத்தேன். மறுநாள் கிடங்கில் சுக்கு ஓரிடத்தில் கிடந்தது, பெண்கள் ஓரிடத்தில் நின்றார்கள். "டிரைவர் அன்னிக்கு ஊர்லயே இல்லடி, ரெண்டாங் கஷணத்தைப் பாரு." "நீ மூணாவதைப் படிச்சியா? படிக்காமப் பேசாதே." "மதி மதி, ஆத்யம் வாயிக்கு" என்று, பேச்சை நிறுத்தி முதலில் வாசிக்கச் சொல்லி, ஜானகி சேச்சி அம்மாவின் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். மேஸ்திரி வந்து கத்தினார். அவருக்கும் ஒரு பெயர் சொல்லிவைத்தேன். நின்றுபோன நாலு பேரும் அந்த வாரமே திரும்பி வந்தார்கள். கட்டு நிற்கவில்லை. தமிழ்நாட்டில் படுத்துவிட்ட கொலை, மட்டாஞ்சேரியில் மட்டும் இன்னும் நாலு வருஷம் ஓடியது. இதில் நஷ்டம் எனக்குத்தான். நான் எதைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை என்று ஆகிவிட்டது. கணக்கில் முதல் மார்க் வாங்கியதைச் சொன்னபோது அம்மா பள்ளிக்கூடத்துக்கே போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

பிறகு எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி வந்தது. மாமியார்கள் அதற்குள் குடியேறினார்கள். பிராட்வேக் கடையில் இன்று போன் உறை தொங்குகிறது. சுக்கு காய்ந்த கிடங்கில் ஓவியம் மாட்டி, காப்பி விற்கிறார்கள். அம்மா உட்கார்ந்த இடத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார். அங்கே நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன், தும்மல் வரவில்லை.

போன மாதம் இடப்பள்ளி மாலில் ஒரு புத்தகக் கடை வாசலிலேயே கொலைக் கதைகளாகக் குவித்திருந்தார்கள். கடைக்காரப் பெண் "இப்போ க்ரைமாணு சார் ஓடுன்னது" என்றாள். பிராட்வேக்காரரின் அந்த 'ஓடுது' என்ற சொல்லைக் கேட்டு எத்தனை வருஷம். கீழ்த்தட்டில் தமிழும் நாலைந்து இருந்தது. ஒன்றை வாங்கிக்கொண்டு, தமிழைவிட மலையாளத்தை வேகமாகப் படிக்கும் என் மகளையும் கூட்டிக்கொண்டு, படகேறி மரகதம் அக்கா வீட்டுக்குப் போனேன். வழியில் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எழுபது தாண்டிய அக்கா புத்தகத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, அரிவாள்மனையை இழுத்துப் போட்டார்.

"அக்கா, புதுப் புத்தகம்" என்றேன்.

"அதுக்கென்ன. ஹோட்டல்ல தோசை போடுற தேனிக்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார். கட்டட வேலைக்கு வந்திருக்கே ஒரு குடும்பம், அந்தப் பொண்ணும் படிக்கும். நான் ஒண்ணு, உன் மக ஒண்ணு. நாலு."

முதல் கஷணம் என் மகளுக்குக் கிடைத்தது. வாசற்படியில் உட்கார்ந்து விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள். அரைமணி நேரத்தில் ஆறு பக்கம் போயிருப்பாள். தலையைத் தூக்கி, "அப்பா, கொன்னது யாரு?" என்றாள்.

முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒருமுறையாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று எனக்குத் தோன்றியது. "அக்கா மேல சத்தியமாச் சொல்றேன், அந்தக் கண் டாக்டர்தான்" என்றேன்.

அக்கா கோணூசியில் நூலைக் கோத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

"அப்போ அவன் இல்ல."