தாலி ஏறிய நேரத்துத் தும்மல்

2001ஆம் ஆண்டு யூலை 14, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். சோழகக் காற்று வவுனியாப் பட்டினத்துப் புழுதி முழுவதையும் கலியாண வீடியோ எடுத்த ஸ்ரூடியோவின் வாசலில் கொண்டுவந்து கொட்டியது. நானும் மனைவியும் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனோம். பிரச்சினையே என் மூக்குத்தான்.

மகளின் கலியாணத்தில், மாப்பிள்ளை இரண்டாம் முடிச்சைப் போட்டு முடித்த கையோடு நான் தும்மிவிட்டேன். தாலி ஏறும்போது தும்மல் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளத்தை அந்த அடி அடிக்கிறார்கள். தவில்காரர் தம் கடமையைச் செய்தார், ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆனால் கமராவின் கண்ணை மூட மேளம் கிடையாது. நான் கண்ணை இறுக்கி, வாயைப் பிளந்து, தலையை உதறுவது வீடியோவில் வடிவாகத் தெரிந்தது. அது கனடாவிலுள்ள மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்குப் போகவேண்டும். பல்லி சொன்னாலே பயணத்தை நிறுத்துகிற அம்மா அவர். மகள் வாழப்போவதும் அவர் வீட்டில்தான்.

கொம்பியூட்டருக்கு முன்னால் ஸ்ரூடியோ முதலாளியின் மனைவி இருந்தார்.

"பிள்ளை, தும்மலை மட்டும் வெட்டோணும். மற்றதிலை கை வைக்கக் கூடாது."

"இதென்ன ஐயா, சட்டைத் துணியோ, கோடு போட்டு வெட்ட?"

படத்தைச் சுருக்கித்தான் சீடித் தட்டில் பதிவார்களாம். அரைச் செக்கனுக்கு ஒருதரம்தான் முழுப்படம். இடையில் அசைந்தது மட்டும்தான் பதிவாகும். ஆகவே முழுப்படம் உள்ள இடத்தில் வெட்டினால்தான் சுத்தமாக வரும். அப்படியே வெட்டி ஓடவிட்டார். தும்மலோடு சேர்ந்து இரண்டாம் முடிச்சும் போய்விட்டது.

"ரெண்டு முடிச்சுத்தானே கிடக்கு!" என்றேன்.

"ஆர் ஐயா இதையெல்லாம் எண்ணப் போகினம்?"

"இவர் எண்ணிப்போட்டார்தானே," என்றாள் மனைவி. "அந்தப் பெரியம்மா இவருக்கும் மேலை."

முதலிலிருந்தே வெட்டலாமென்று, கமராவில் எடுத்த கசற்றைக் கேட்டேன். அதில் அதற்குள் வேறொரு கலியாணம் பதிவாகிவிட்டதாம்.

பிறகு சரியான இடத்தில் வெட்டி, படம் முழுவதையும் திரும்பச் சுருக்கினார். மதியம் வரை காத்திருந்தோம். மூன்று முடிச்சும் இருந்தன, ஆனால் எல்லாமே சதுரம் சதுரமாக உடைந்திருந்தது.

"மாப்பிள்ளை கட்டினது தாலியோ, தாயக்கட்டையோ?" என்றாள் மனைவி.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு ஓடு உடைஞ்சதுக்குக் கூரை முழுக்கப் பிரிக்கிறதோ, பிள்ளை? வெட்டு விழுற அந்த அரைச் செக்கன் துண்டை மட்டும் திரும்பச் செய்து, மற்றதைப் பழையபடி ஒட்டினால் என்ன?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, இந்த மனிசனோடை எப்பிடிக் காலந்தள்ளுறியள்?" என்று கேட்டுக்கொண்டே செய்தார்.

வந்துவிட்டது! மூன்று முடிச்சு, தும்மல் இல்லை. வெட்டிய இடத்தில் மட்டும் கண் இமைக்கும் நேரம் லேசான மங்கல். அதற்கு அடுத்தாற்போல் நான் சால்வையால் கண்ணையும் மூக்கையும் மாறிமாறித் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"இதையும் வெட்டுவமோ?"

"ஐயோ, வேண்டாம் பிள்ளை. இதோடை விடுங்கோ."

மூன்று கிழமை கழித்துப் பெரியம்மா தொலைபேசியில் வந்தார்.

"சம்மந்தி, முடிச்சு மூண்டும் வடிவாய் எண்ணிப் பாத்தனான். ஆனால் உங்களைப் பாத்துத்தான் எனக்குத் தாங்கேலாமல் போச்சு. தாலி ஏறினவுடனை அப்பிடி அழுறியளே! இப்பிடி ஒரு தகப்பன்ரை பிள்ளையை நான் என்ரை பிள்ளையாப் பாப்பன்."

"ஓம் அம்மா," என்றேன். பக்கத்தில் மனைவி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"இஞ்சை சொந்தக்காரர் எல்லாருக்கும் நீங்கள் அழுறதைக் காட்டோணும். ஒரு பன்ரண்டு கொப்பி அனுப்பிவிடுங்கோ."

வெட்டுக்கூலி எண்ணூறு, கொப்பிகளுக்கு மூவாயிரம், தபாலுக்கு அறுநூற்று நாற்பது. ஒரு தும்மலுக்கு, மொத்தம் நாலாயிரத்து நானூற்று நாற்பது ரூபா.