சரக்குப் பெட்டியின் திறப்பு

பிரெஞ்சு பேசும் ஊரான இல்-பிசாரில் தனியாக இருந்த ஒரு மூதாட்டிக்கு இரண்டு வருடம் சமைத்துக் கொடுத்தேன். வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவர். இடைக்கால ஐரோப்பிய வீடுகளில் சனங்கள் எப்படிச் சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள், எதைப் பூட்டி வைத்தார்கள் என்று ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துச் சமையற்குறிப்புகளை அவர் பிரெஞ்சில் வாசிப்பார், நான் செய்வேன். பாதாம்பாலில் வேகவைத்த கோழி, இஞ்சியும் கறுவாவும் போட்ட குழம்பு. பாதிச் சாமான் எங்கள் வீட்டிலும் இருப்பவைதான். ஒருநாள் குறிப்பில் 'நீள மிளகு' என்று வந்தது. அவர் அதைக் கண்ணால் கண்டதில்லை. தமிழ்க் கடையில் திப்பிலி வாங்கிப்போய்க் கொடுத்தேன். மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார்.

பிறகு சொன்னார்: "அப்போது வீட்டு எசமானி சரக்குப் பெட்டியைப் பூட்டி, திறப்பை இடுப்பில் கட்டியிருப்பாள். வேலைக்காரர் களவெடுப்பார்கள் என்ற பயம்."

அடுத்த கிழமையே சமையலறையில் பூட்டுப் போட்ட மரப்பெட்டி ஒன்று இருந்தது. குங்குமப்பூ, ஏலம், திப்பிலி எல்லாம் அதற்குள். திறப்பு அவர் கழுத்துச் சங்கிலியில். புத்தகத்துக்காகச் செய்து பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை, "குங்குமப்பூ குறைந்திருக்கிறது" என்றார்.

"நான் எடுக்கவில்லை, மதாம்."

"நீ எடுத்தாய் என்று நான் சொன்னேனா?"

சொல்லவில்லை. ஆனால் அவர் கண் கதவில் தொங்கிய என் பைக்குப் போனது. பையை மேசையில் கொட்டினேன். பஸ் அட்டை, சாப்பாட்டுப் பெட்டி, கையுறை. முகத்தைத் திருப்பிக்கொண்டார், கடைக்கண்ணால் பார்க்கவும் செய்தார்.

"நாளைக்குப் போகாதை. பேந்து பொலிஸ் வந்து நிண்டா என்ன செய்யிறது?" என்றார் அன்றிரவு வீட்டில் என் கணவர்.

"இப்ப வேலையால நிண்டா நான்தான் எடுத்தனான் எண்டாகிடும். போகத்தான் போறன்" என்றேன்.

எனக்கும் சந்தேகம் பிடித்துவிட்டது. ஒளித்து வைத்துவிட்டு என்மேல் பழி போடுகிறாரோ? வேலைக்காரி என்ன செய்வாள் என்று புத்தகத்துக்காகச் சோதிக்கிறாரோ? மறுநாள் வேலை முடிந்து கிளம்பும்போது என் தலைமுடி ஒன்றைப் பெட்டி மூடியின் குறுக்கே மாப்பசையால் ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலையில் அது அறுந்திருந்தது. அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

அன்று மத்தியானம் நிலவறையில் உடுப்புத் துவைத்துவிட்டு மேலே வந்தபோது, அவர் சுடுபாலில் குங்குமப்பூவை விரலால் நசுக்கிக் கரைத்துக்கொண்டிருந்தார். குடித்தார், கோப்பையைக் கழுவினார், பெட்டியைப் பூட்டினார். நான் கதவருகே நின்றதை அவர் காணவில்லை.

அரைமணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "மறுபடியும் குறைந்திருக்கிறது. யார் திறந்தது?"

அந்த முகத்தில் நடிப்பு இல்லை. உண்மையான பயம். ஏச வாயெடுத்தவள் அடங்கிப்போனேன். அவர் கையைப் பிடித்து யன்னல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினேன். விரல்நுனிகள் மஞ்சளாக இருந்தன.

பார்த்துக்கொண்டே இருந்தார். "வேறு எதையெல்லாம் மறந்திருப்பேன்?" என்று கேட்டார். நான் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

பிறகு சங்கிலியைக் கழற்றி நீட்டினார். "இனி நீயே வைத்திரு."

நான் வாங்கவில்லை. தந்ததை நாளைக்கு மறந்துவிட்டால்? இன்று நடந்ததை உங்கள் கையாலேயே எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நீ என்னை நம்பவில்லை."

"ஓம்" என்றேன், அவருக்கு விளங்காத தமிழிலேயே.