கேட்க ஆளில்லாதவர்களுக்காக அக்கா எழுதிய கையேடு

இந்தக் கட்டுரையை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு லேத் பட்டறைக்குப் போனவனுக்கு அக்காவின் நினைவு மலரில் என்ன வேலை, போட்டோவில் ஓரமாக நின்றால் போதாதா என்றுதான் இருந்தேன். அம்மாதான், "உங்கக்காகூட அதிகமாச் சண்டை போட்டவன் நீதான்டா, நீயே எழுது" என்று நோட்டைக் கையில் திணித்துவிட்டார். ஆகவே, முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, பிழையிருந்தால் அம்மாவைக் கேளுங்கள்.

அக்கா பிறந்தது சத்தியமங்கலத்தில். பிறவியிலேயே கண் தெரியாது. ஏழு வயதில் விடுதிப் பள்ளிக்குப் போனவர், அங்கேதான் பவானிக்காரரான ஈஸ்வரியக்காவைச் சிநேகம் பிடித்தார். வகுப்புக்கே ஒரு பிரெயில் புத்தகம்தான். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தடவிப் படித்து, முன்னால் போனவர் மற்றவருக்காகக் காத்திருப்பாராம்.

கணபதி ஏரியாவுக்கு நாங்கள் குடிவந்த பிறகு, அக்கா ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்லும் வேலைக்குப் போனார். தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை என்று கத்துகிறவரிடம், "ஏனுங்க, மொதல்ல கரண்டு இருக்குதுங்களா?" என்று கேட்டே பாதிப் பேரைச் சரிப்படுத்திவிடுவார். வீட்டுக்கு வந்து, "மோட்டாரோட வர்ற காயிதத்துல எல்லாந்தான் எழுதியிருக்குது. எழுதுனவனுக்கு மட்டுந்தான் புரியுது" என்பார்.

சாதாரண எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. ஈஸ்வரியக்கா ஆசிரியராக இருக்கும் பார்வையற்றோர் பள்ளிக்குப் பாடப்புத்தகங்களை அதில் மாற்றி அனுப்பியது அக்காதான். புள்ளி அச்சடிக்கும் இயந்திரம் அங்கே இருந்தது. மென்பொருளை ஓட்டத்தான் ஆள் இல்லை. அதோடு வந்த கையேடோ, ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக எழுதியது. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் என்றானபோது அக்காவுக்கு இதே கவலை.

"நான் போயிட்டா அந்தப் புள்ளைங்களுக்கு புக்கு நின்னு போயிரும்டா. யாரு வந்து ஒக்காந்தாலும் என்னையக் கேக்காம செய்யற மாதிரி எழுதிப்போடோணும்."

அந்த 'யாரு'வுக்கு அக்கா தேர்ந்தெடுத்த ஆள் நான்.

"ஏனுங்க்கா, வேற படிச்ச ஆளே கெடைக்கலீங்களா?"

"படிச்சவன் புரியாட்டியும் தலையாட்டுவான். உனக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது கண்ணு."

அக்கா எழுதிய படிகளை மட்டும் பார்த்து நான் கணினியில் செய்யவேண்டும். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை உதவமாட்டார். நான் எங்கே முழிக்கிறேனோ அங்கே தப்பு என்னுடையது அல்ல, கையேட்டினுடையது. அந்தப் படியைத் திரும்ப எழுதுவார். தப்பு ஒன்றுக்கு எனக்கு ஒரு துண்டு தேங்காய் பன். நானும் பன்னுக்கு ஆசைப்பட்டு வேண்டுமென்றே சில இடங்களில் மாட்டிக்கொண்டேன்.

"டேய், இது பொய்த் தப்பு."

"எப்படீங்க்கா கண்டுபுடிச்சீங்க?"

"நெசமாவே மாட்டுனா தலையச் சொறிவ. இப்ப சத்தமே கேக்கல."

'உள்ளீடு யூனிகோடில் இருத்தல் வேண்டும்' என்று ஒரு படி. அன்றைக்கு நான் சொறிந்த சொறியில் அக்காவே பயந்துபோனார். அச்சகங்களில் பழைய எழுத்துருவில் அடிக்கும் தமிழ், திரையில் தமிழாகத்தான் தெரியும். கணினிக்குள் அது வெறும் ஆங்கில எழுத்து. கண் தெரிகிறவர்கள்தான் ஏமாறுவார்கள். அக்கா அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதினார்: 'திரையை நம்பவேண்டாம். முதல் வரியைச் சத்தமாக வாசிக்கும்படி கணினிக்குச் சொல்லுங்கள். தமிழ் கேட்டால் மேலே போங்கள். ஆங்கில எழுத்துகள் கேட்டால் நிறுத்துங்கள். என்ன செய்வது என்று அடுத்த படியில் இருக்கிறது.'

ஆஸ்பத்திரியிலும் இதே வேலை. ஊசி போடவந்த நர்ஸம்மாவையும் விடவில்லை. "அம்மணி, இந்த ஒரு படியச் செஞ்சு பாத்துட்டுக் குத்துங்க" என்று மடிக்கணினியை நீட்டினார். அவர் திகைத்த இடத்தில் இரண்டு வரி சேர்ந்தது. கடைசிப் படியை எழுதி முடித்த வாரமே அக்கா போய்விட்டார். கையேட்டை அக்கா இல்லாமல் யாரும் முழுதாகச் செய்து பார்த்ததில்லை. எனக்கும் அதைத் திறக்க மனம் வரவில்லை. இந்த ஒரு வருடம் பள்ளிக்குப் புத்தகம் போகவில்லை.

மலரைப் பிரெயிலிலும் கொடுப்பதென்று வீட்டில் முடிவானபோது வேலை என் தலையில் விழுந்தது. மேலே நீங்கள் படித்தவரைக்கும் அச்சகத்தில் அடித்து வாங்கி, எனக்குத் தெரியாததா என்று கையேட்டைத் திறக்காமலே மாற்றி அனுப்பினேன். ஈஸ்வரியக்கா போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, என்ன பாஷைங்க இது? உங்கக்கா நெனவு நாளும் அதுவுமா என்னைய வையறீங்களா?"

வெட்கமாகப் போய்விட்டது. நான் மாட்டிக்கொண்டதால் அக்கா திரும்ப எழுதிய படியையே நான் தாண்டியிருக்கிறேன். கையேட்டைத் திறந்து, முதல் படியிலிருந்து உட்கார்ந்தேன். கட்டுரை முழுவதையும் நானே யூனிகோடில் திரும்ப அடித்தேன். ஓரிடத்தில் பழக்கத்தில் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். பிறகு அடுத்த வரியைப் படித்தேன். நான் கேட்க நினைத்ததற்கு அதில் பதில் இருந்தது.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்வந்த ஆட்டோ அண்ணனுக்கும், நர்ஸம்மாக்களுக்கும், ரத்தம் கொடுத்த பட்டறை நண்பர்களுக்கும், என் கையெழுத்தைப் பாதி ஊகித்தே அடித்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இரண்டாம் முறை அனுப்பியதற்கு ஈஸ்வரியக்கா ஒரே வரிதான் பதில் போட்டார்:

"படிச்சுப்போட்டனுங்க தம்பி, நல்லா இருக்குது, அப்ப ஏழாவது சயின்ஸ் புக்கை எப்பங்க அனுப்பறீங்க?"