ஒரே திரையில் இரண்டு அம்புகள்

கடைவீதியில் அவளை எல்லோரும் ஸ்டிக்கர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர்ப்பலகைகளுக்கு எழுத்து வெட்டி ஒட்டுவது அவள் வேலை. அந்த எழுத்துகளைக் கணினியில் வரைவது அவள் தம்பி. பலகை மாட்டப்போய் ஏணியிலிருந்து விழுந்ததில் அவனுடைய வலது கை செயலற்றுப் போனது. உடம்பு தேறிய பிறகும் கடை மூலையில் உட்கார்ந்து தெருவை வெறித்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு நாள் வேறொரு மவுஸ் வாங்கி வந்து அவனுடைய இடது பக்கம் வைத்தாள்.

"புடிச்சுப் பாருடா."

"ஆள்காட்டி விரல் தப்பான பட்டன்ல விழுதுக்கா."

கடைக் கணினியில் ஓடியது விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். அமைப்புகளுக்குள் போய் இடது கைக்கென்று மாற்றினாள். அவனுக்குச் சரியாயிற்று. ஆனால் அவளுடைய மவுஸிலும் பட்டன்கள் இடம் மாறித் தொலைத்தன. போதாததற்குத் திரையில் இருந்தது ஒரே அம்பு. அவன் மேலே இழுக்க, இவள் கீழே இழுக்க, பெரிய இழுபறி.

"அக்கா, கைய எடு! 'கா'வுக்குக் காலே போச்சு."

"உன் அம்புதான்டா வந்து இடிச்சுது."

"இருக்கறதே ஒரு அம்பு!"

விழுந்த பிறகு அவன் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் விடாப்பிடியாக உதவிப் பக்கங்களைத் தேடிப் படித்தாள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் என்ற கட்டத்தில் ஒரு கட்டளை கொடுத்தால், இணைத்திருக்கும் சாதனங்களை எண்ணோடும் பெயரோடும் காட்டியது. அவன் மவுஸின் எண்ணைச் சொல்லி அதற்கு மட்டும் பட்டன்களை மாற்றினாள். வேலை செய்தது. மறுநாள் கணினியைப் போட்டால் எல்லாம் பழையபடி. அதே கட்டளையைக் கொடுத்தாள். இப்போது அவளுடைய மவுஸ் தலைகீழானது. எண்கள் மாறிவிட்டிருந்தன. தலையில் அடித்துக்கொண்டு, எண்ணுக்குப் பதில் பெயரைக் கொடுத்தாள். கணினி தொடங்கும்போதே அந்தக் கட்டளை தானாக ஓடும்படி எழுதியும் வைத்தாள்.

அப்படித் தேடும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது: இரண்டாவது அம்பு ஒன்றை உருவாக்கலாம். அவள் நம்பவில்லை. ஆனாலும் தட்டிப் பார்த்தாள்.

திரையின் நடுவில், யாரும் தொடாமலே, புதிதாக ஓர் அம்பு வந்து நின்றது. தம்பியின் மவுஸை அதோடு இணைத்தாள்.

"ஆட்டுடா."

ஆட்டினான். அது நகர்ந்தது. அவளுடைய அம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அவளும் ஆட்டினாள். இரண்டும் ஒன்றையொன்று கடந்து, மோதாமல், தத்தம் வழியே போயின.

"என்னக்கா இது!"

இந்த மென்பொருளை எழுதினவர்கள் யாரோ, எவரோ. இப்படி இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள் என்று எங்கோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகு அவன் ஒரு பக்கம் எழுத்து வரைந்தான். மறுபக்கம் அவள் வெட்டுவதற்கு அடுக்கினாள். முதலில் அவனுடைய கோடுகள் கோணின. போகப்போக ஒரு 'ழ' வளைந்து, சுழித்து, அழகாக இறங்கியது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"உன் வேலையப் பாருக்கா."

"பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன்," என்றாள், அவன் அம்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.