சுண்ணாம்பு பட்டும் சிவக்காத சோறு

போன ஞாயிறு தொண்டியில் விருந்து. தோழி நூர்ஜஹானின் மகனுக்குக் கல்யாணம். பெண்கள் பந்தியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தால்... பிரியாணியில் வெள்ளைச் சோற்றுக்கு நடுவே பளீர் மஞ்சள்!

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். ஏன்? என் வீட்டுக்காரருக்கு டார்ட்ரசின் ஆகாது. மிட்டாய், ஜூஸ், கேசரி என்று எங்கும் போடுகிற செயற்கை மஞ்சள் சாயம் அது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. இவருக்கோ போன வருஷம் ஒரே ஒரு லட்டு... உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, ஆஸ்பத்திரி!

அவர் திரைக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பந்தியில். அவருடைய போன்? என் கைப்பையில்.

"மஞ்சத்தூளுதாம்மா போட்டிருப்பாக, பயப்படாம சாப்புடுங்க" என்றார் நூர்ஜஹான்.

மனசு கேட்கவில்லை. வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை எடுத்து நாலு பருக்கையில் தேய்த்தேன். மஞ்சள்தூளாக இருந்தால் சிவந்துவிடும் — ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். இது சிவக்கவில்லை. டார்ட்ரசின் அப்படித்தான். தண்ணீரில் சட்டென்று கரையும், அடுப்புச் சூட்டுக்கும் வெளுக்காது. என்ன நெஞ்சழுத்தம்!

"யா அல்லாஹ்! பண்டாரி கலர்பொடியவா போட்டுட்டாரு? ஓடுங்கம்மா!"

சமையல்காரரை மனசுக்குள் திட்டிக்கொண்டே திரையை விலக்கி ஓடினேன். வெட்கமாவது ஒன்றாவது!

அங்கே ஒரே சஹனைச் சுற்றி நாலு பேர். அந்தப் பெரிய தட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது இங்கே வழக்கம். இவர் முன்னால் மட்டும் வெள்ளைச் சோறு குவிந்திருந்தது.

"அண்ணனுக்கு மஞ்சக் கலரு ஆகாதாம்ல. அதான் மஞ்சச் சோத்த நாங்க எங்க பக்கம் இழுத்துக்கிட்டோம்" என்றார் பக்கத்திலிருந்தவர், பெருமையாக.

முன்பின் தெரியாத மனிதர்கள்... எவ்வளவு பிரியம்! ஆனால் தண்ணீரில் கரைகிற சாயம், தம்மில் வெந்த வெள்ளைச் சோற்றில் இறங்காமலா இருக்கும்?

இறங்கித்தான் இருந்தது. அவர் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார். சிவப்பு சிவப்பாகத் தடிப்பு. பையைத் துழாவி, இதற்கென்றே வைத்திருந்த அலர்ஜி மாத்திரையை நீட்டினேன். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"இதுவும் மஞ்சளால்ல இருக்கு?"

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில், கலர்: டார்ட்ரசின்.

சஹனில் பெருமைப்பட்டவரே பதறிப்போய்க் கை கழுவி, காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் தடிப்பு அடங்கியது. இப்போது நன்றாக இருக்கிறார்.

இனி அந்தப் பண்டாரியை எந்த வாயால் திட்டுவேன்? அவர் அண்டாவில் கலந்ததைத்தானே நான் மருந்தென்று கைப்பையில் சுமந்து திரிந்தேன்!