கம்பித் தொப்பியும் கேஸ் அடுப்பும்

மூளை ஆய்வுக்கூடத்தில் அவளைத் தொப்பிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் அறிவியலை யோசிக்கும்போது மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற இடம் அது. முடியை வகிர்ந்து, பசை தடவி, கம்பித் தொப்பியை மாட்டிவிடுவது அவள் வேலை. பிறகு பேராசிரியர், ஊசி மூழ்குகிறது, கப்பல் ஏன் மிதக்கிறது, கண்ணை மூடி யோசி என்பார். பிள்ளை யோசிக்கும், திரையில் கோடு ஓடும். கோட்டைப் பார்த்து யார் மேதை என்று தீர்ப்புச் சொல்வார். கப்பல் ஏன் மிதக்கிறது என்று எந்தப் பிள்ளையிடமும் விடை கேட்டதில்லை.

இத்தனை மேதைகளின் தலையைத் தொட்டவளுக்குத் தன் மகளும் அந்த வரிசையில் சேர வேண்டும் என்று ஆசை வராதா? பேயாய் வந்தது. பேராசிரியரை நச்சரித்து மகளுக்கும் ஒரு பதிவு எண் வாங்கிவிட்டாள்.

தினமும் காலையில் தொப்பியைத் தன் தலையில் மாட்டி, கருவி ஓடுகிறதா என்று பார்ப்பது வழக்கம். மகளின் நாளிலும் மாட்டினாள். மாட்டியதும் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. பாலை இறக்கினோம், குமிழைத் திருப்பினோம், திருப்பினோமா? பிறகு மகள் வந்தாள், கண்ணை மூடினாள், அவள் கோடும் பதிவானது.

மறுநாள் பேராசிரியர் தலைகால் புரியாமல் குதித்தார். மகளின் எண்ணில் இருந்த கோடு திரையை முட்டிக்கொண்டு நின்றது. இதோ ஐயம், இதோ சோதனை, இதோ மறுபடி ஐயம், இதுவல்லவா அறிவியல் சிந்தனை என்று மேடு மேடாகக் காட்டினார். பெருமையில் பூரித்து நின்றவளுக்குச் சட்டென்று உறைத்தது. அது கேஸ் அடுப்பு. பரபரப்பில் நேற்றுக் காலையிலேயே மகளின் எண்ணைப் போட்டுத் தொலைத்திருக்கிறாள். மகளின் கோடு கருவிச் சோதனைப் பதிவாகக் கிடந்தது. திறந்து பார்த்தால், அது சோம்பலாக அசைந்து போயிற்று.

வாயை மூடிக்கொண்டால் மகள் மேதை. பகல் முழுக்க மூடிக்கொண்டுதான் இருந்தாள். சோறு இறங்கவில்லை. சாயங்காலம் போய் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

பேராசிரியர் அசரவில்லை. சோம்பல் கோட்டை உற்றுப் பார்த்தார். காலையில் பார்த்தது வெறும் படபடப்பு, அசல் மேதையின் மூளை அலட்டிக்கொள்ளாது என்று ஒரே மூச்சில் கட்சி மாறினார். அவளுக்குப் போன உயிர் திரும்பியது. பள்ளி விட்டு வந்து நடையில் உட்கார்ந்திருந்த மகளைக் கூப்பிட்டு, அவ்வளவு அமைதியாக என்னதான் யோசித்தாய் என்று கேட்டார்கள்.

"யோசிக்கவே இல்லம்மா. தூங்கிட்டேன்."

பேராசிரியர் பேனாவை மூடினார். மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ மெதுவா மெதுவா முடிய வகுந்து தடவுனல்ல, சுகமா இருந்துச்சு. வீட்டுல சீப்ப போட்டு இழு இழுன்னு இழுப்ப. இப்படித் தொட்டதே இல்லையே."

வெளியே அடுத்த மேதை அப்பாவோடு காத்திருந்தது. காத்திருக்கட்டும் என்று அவள் மகளை நாற்காலியில் உட்கார வைத்து, தொப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் விரலால் வகிடு எடுக்கத் தொடங்கினாள்.